இந்திராணி என்ன சொன்னாள்?

மூன்று வருஷங்களாக நான் ஒரு பொய்யைச் சொல்லி வருகிறேன். "எதற்காக ஆப்பரேஷன்?" என்று யார் கேட்டாலும், "ஹெர்னியா" என்பேன். கேட்டவர் உடனே தம் மாமனாருக்கோ மைத்துனருக்கோ நடந்த ஹெர்னியா ஆப்பரேஷனைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். நல்ல பொய்க்கு அதுதான் லட்சணம். கேட்கிறவருக்குப் பேச இடம் கொடுக்க வேண்டும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா மகன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். இருபத்தைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரர். பாயசம் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, உனக்குச் செஞ்சது நெசமாவே ஹெர்னியாதானா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவர் என்னைப் பற்றிக் கேட்கவில்லை, தம்மைப் பற்றிக் கேட்கிறார். "ஹெர்னியாதான் அண்ணே" என்றேன். அவர் மோரை வாங்கிச் சோற்றில் விட்டுக்கொண்டு, மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் பொய் யாருக்கும் தீங்கில்லாதது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆகவே எழுதுகிறேன். முகம் சுளிக்கும் வாசகர்கள் அடுத்த கட்டுரைக்குப் பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

எனக்குச் செய்தது ஹெர்னியா அல்ல. ஆண்குறிக்குள் ஒரு கருவியை வைத்துத் தைத்திருக்கிறார்கள். இம்ப்ளாண்ட் என்று ஆஸ்பத்திரியில் சொல்லுவார்கள்.

நாற்பத்திரண்டாவது வயதில் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. வருஷந்தோறும் கண்ணைப் பரிசோதித்தார்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று குத்திப் பார்த்தார்கள். சிறுநீரகத்துக்கு என்ன சேதம் என்று கணக்குப் பார்த்தார்கள். இந்த ஒன்றைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐம்பத்து நான்காவது வயதில் அது முற்றிலும் நின்றுபோயிற்று. காரணம் எளிதானது. ஆண்குறிக்குள் பஞ்சு போன்ற திசுவாலான இரண்டு தண்டுகள் இருக்கின்றன. ஆசை எழும்போது நரம்புகள் செய்தி அனுப்புகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து பஞ்சுக்குள் ரத்தம் பாய்கிறது. அது நிரம்பியதும் வெளியே போகிற குழாய்கள் அமுங்கிக்கொள்ள, ரத்தம் அங்கேயே தங்குகிறது. இதில் எனக்கு ஆச்சரியமாயிருந்த விஷயம், விறைப்புக்கு உள்ளேயிருக்கும் தசைகள் முறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை, தளர வேண்டும். முயன்றால் வராது. சர்க்கரையோ நரம்பையும் சிறு ரத்தக் குழாய்களையும் வருஷக்கணக்கில் அரித்துவிடுகிறது. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று உலகெங்கும் பரவிய அந்த நீல மாத்திரையைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நரம்பு மெல்லச் சொல்வதை அது உரக்கச் சொல்ல வைக்கும். நரம்பே பேசாவிட்டால் மாத்திரை என்ன செய்யும்? பிறகு ஊசி. தானே தனக்கு, அந்த இடத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். சில மாதம் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

கருவியின் கதை ருசியானது. 1936-இல் ரஷ்யாவில் போகொராஸ் என்ற ரண வைத்தியர் விலாவின் குருத்தெலும்பை எடுத்து ஆண்குறிக்குள் வைத்துப் பார்த்தார். நாய்க்கும் கரடிக்கும் கடல் யானை முதலியவற்றுக்கும் அந்த இடத்தில் இயற்கையே ஓர் எலும்பை வைத்திருக்கிறது, மனிதனுக்கு வைக்கவில்லை. நாய்க்குக் கொடுத்ததை நமக்கு ஏன் கொடுக்கவில்லை என்று யோசித்தால் தத்துவம் கொஞ்சம் வரும், இப்போது வேண்டாம். குருத்தெலும்பு நாளடைவில் கரைந்துபோயிற்று. 1973-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஸ்காட் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் ஊதி விறைக்கிற கருவியைச் செய்து காட்டினார்கள். இன்று வைக்கப்படுகிறதும் அந்த வம்சந்தான். பஞ்சுத் தண்டுகளின் இடத்தில் இரண்டு நீண்ட குழல்கள். அடிவயிற்றுக்குள், மூத்திரப்பைக்கு அருகே, உப்பு நீர் நிரம்பிய ஒரு சிறு பை. விதைப்பையில் ஒரு பம்பு. பம்பை விரல்களால் பலமுறை அமுக்கினால் நீர் பையிலிருந்து குழல்களுக்கு வருகிறது. அதிலேயே இருக்கும் விசையை அழுத்தினால் திரும்பிப் போய்விடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

டாக்டர் இளைஞர், ஒளிக்காமல் பேசினார். "சார், இது ஒருவழிப் பாதை. உள்ளே இருக்கிற திசுவை விலக்கித்தான் வைக்கிறோம். நாளைக்கு வேண்டாம் என்று எடுத்தால் பழைய மாதிரி தானாக வராது, மாத்திரையும் உதவாது. சீழ் பிடிக்கிற அபாயம் கொஞ்சம் உண்டு, அதனால் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். யந்திரந்தானே, பத்துப் பதினைந்து வருஷத்தில் தேயலாம். தொடு உணர்ச்சி போகாது, இன்பமும் போகாது." எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார்: "இது ஆசையைக் கொடுக்காது. அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்."

பணம் லட்சக்கணக்கில் ஆயிற்று. இந்த வயதில் இந்தச் செலவு நியாயமா என்று கேட்பவர்கள் யயாதியின் கதையைச் சொல்வார்கள். யயாதி மகனிடம் இளமையைக் கேட்டு வாங்கினான். நான் பாங்கியில் போட்டு வைத்திருந்த என் பணத்தை எடுத்தேன். அவ்வளவு வித்தியாசம் போதும்.

ஒரு மாதம் வேஷ்டியின் அருமையை அறிந்தேன். வீக்கம், கனம், இருமினால் வலி. ஆறாவது வாரம் டாக்டர் பம்பைப் பழக்கிவிட்டார். தினமும் ஒரு தடவை ஊதி, சற்று நேரம் விட்டு, இறக்க வேண்டும்; இல்லாவிட்டால் குழல்களைச் சுற்றித் தழும்பு இறுகிவிடும். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயையும் திறந்துவிட்டு, அறுபத்தோரு வயதில் நான் வாய்பாடு படிக்கிற பையனைப்போல் எண்ணிக்கொண்டு நிற்பேன். பம்பில் சத்தமே வராது. ஆனாலும் குழாயைத் திறந்துவிடுவேன்.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லாம் சரியாக நடந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு நானும் என் மனைவியும் மறுபடி தம்பதிகளானோம். விளக்கை அணைத்தபின், நான் வெற்றி பெற்றவனைப்போல் படுத்திருந்தபோது, அவள் கேட்டாள்: "இப்போ உங்களுக்கு என் மேலே ஆசை வந்துச்சா, இல்லே பம்பை அமுக்கினதாலே வந்துச்சா? நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

கோபமில்லை, குத்தலும் இல்லை. அடுப்பில் பால் இருக்கிறதா என்று கேட்கிற குரல்தான். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு எனக்குக் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கீழ்த்தாடையில் பல் கட்டியிருக்கிறேன். நான் பார்க்கிறது என் பார்வையா, லென்ஸின் பார்வையா என்று என் மனைவி கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. கடன் வாங்கிய பல்லால் கடித்தாலும் முறுக்கு என் வாயில்தான் நொறுங்குகிறது. அப்படியானால் இந்த ஓர் உறுப்பில் மட்டும் ஏன் கேள்வி எழுகிறது? கண் எனக்காகப் பார்க்கிறது, பல் எனக்காகக் கடிக்கிறது. இந்த உறுப்போ இன்னொருவரிடம் போய் என்னைப் பற்றிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. "இவன் உன்னை விரும்புகிறான்" என்று, என் உத்தரவைக் கேட்காமலே சொல்லிற்று. உத்தரவு இல்லாமல் சொன்னதால்தான் அந்தச் சாட்சிக்கு மதிப்பு. இப்போது சாட்சியின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, நுனியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் இழுத்தால் தலையை ஆட்டுகிற சாட்சியை எந்தக் கோர்ட்டு ஏற்கும்?

எனக்குச் சிக்கல் வந்தால் புஸ்தகத்தைத் தேடிப் போவது வழக்கம். வேறு போக்கிடம் இல்லாதவர்களின் வழக்கம் அது.

முதலில் ராமாயணத்துக்குப் போனேன். அகலிகையின் கதை எல்லோருக்கும் தெரியும். இந்திரனுக்கு உடம்பெல்லாம் ஆயிரம் குறிகள் தோன்றி, அவை பிறகு கண்களாக மாறின என்பது கம்பன் வழியாக நமக்குப் பழகிய கதை. வால்மீகியில் வேறு மாதிரி. கௌதமரின் சாபத்தால் இந்திரன் தன் விதைகளை இழக்கிறான். அக்கினி முதலான தேவர்களிடம் போய் முறையிடுகிறான். பித்ரு தேவதைகள் ஓர் ஆட்டுக்கடாவின் விதைகளை எடுத்து இந்திரனுக்குப் பொருத்துகிறார்கள். உலகத்திலேயே இத்தகைய சிகிச்சையைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய கதைகளில் இது ஒன்றாக இருக்க வேண்டும். அவன் குற்றத்துக்காக இழந்தான், நான் வியாதியால் இழந்தேன். இழந்த உறுப்பும் வேறுதான். ஆனாலும் வேறொன்றைப் பொருத்திக்கொண்டு வீடு திரும்பினவன் அவன். அமராவதியில் அன்று இரவு இந்திராணி என்ன சொன்னாள்? வால்மீகி எழுதவில்லை. கம்பனோ அந்தச் சிகிச்சையையே விட்டுவிட்டான். உறுப்பு திரும்பி வந்தது, கதை முடிந்தது. ஆண்கள் எழுதுகிற கதை அங்கேதான் முடியும். என் டாக்டர் கொடுத்த சிறு புத்தகமும் அங்கேதான் முடிந்தது.

அடுத்து அகஸ்டின். ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து பிஷப்பாக இருந்த கிறிஸ்தவ ஞானி. இளமையில் இந்த விஷயத்தில் நன்றாக அடிபட்டவர். 'கடவுளின் நகரம்' என்ற பெருநூலின் பதினாலாம் பாகத்தில் இதைப் பற்றிப் பல பக்கம் எழுதியிருக்கிறார். கை நம் சொல் கேட்கிறது, கால் கேட்கிறது. இது மட்டும் கேட்பதில்லை. வேண்டாத வேளையில் கிளர்கிறது, வேண்டும் வேளையில் கைவிட்டுவிடுகிறது. ஆதாம் இறைவனின் சொல்லை மீறினான். அதற்குத் தண்டனையாக அவன் உறுப்பு அவன் சொல்லை மீறுகிறது என்பது அவர் கட்சி. பாவம் செய்யாமலிருந்தால் ஏதேன் தோட்டத்தில் அதுவும் கையைப்போல் சித்தத்துக்கு அடங்கியே இருந்திருக்கும் என்கிறார். காதை ஆட்டிக் காட்டக்கூடிய மனிதர்களைக்கூட உதாரணத்துக்கு இழுக்கிறார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அகஸ்டின் வாதப்படி பார்த்தால், ஆதாம் இழந்ததை எனக்கு ஓர் இளம் டாக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் இப்போது ஏதேன் தோட்டத்து மனிதன். ஆனால் ஏவாள் சந்தோஷமாக இல்லை. எந்தக் கட்டுப்பாட்டை அந்த ஞானி சொர்க்கமாக எண்ணினாரோ, அதைத்தான் என் மனைவி குறை என்கிறாள்.

மூன்றாவது உதாரணம் பக்தியுள்ளதல்ல. 1983-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் சிறுநீரியல் வைத்தியர்களின் மாநாடு. பிரிண்ட்லி என்ற ஆங்கிலேய உடலியல் நிபுணர் பேச வந்தார். ஊசி மருந்தாலேயே விறைப்பை உண்டாக்கலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. மேடைக்கு வருமுன் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், பேச்சின் நடுவில் கால்சட்டையை இறக்கிச் சபைக்குக் காட்டிவிட்டார்! சபையில் சீமாட்டிகளும் இருந்தார்களாம். வைத்திய உலகத்தில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் வேறொன்று பட்டது. பிரசங்கம் செய்கிற மனிதனுக்கு யார் மேலே ஆசை? அந்த மேடையில் உடம்பு சாட்சி சொல்லிற்று. சாட்சி சொல்ல ஒன்றுமே இல்லாதபோது சொல்லிற்று.

இந்தக் கதையை நான் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்போ அது சொல்றது எப்பவுமே நம்பற மாதிரி இல்லேங்கறீங்களா?" என்றாள். "இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் ஏழு வருஷம் நம்பினேனே."

எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள்.

எனக்கு நின்றுபோன அதே வருஷத்தில்தான் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நான் என் வெட்கத்தை மறைத்துக்கொள்ள, இரவு பன்னிரண்டு மணி வரை எழுதுகிறேன் என்று மேஜையில் உட்கார்ந்தேன். சில நாள் வெறும் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். அவள் தூங்கினாள் என்று தெரிந்த பிறகே படுக்கப் போவேன். அவள் தூங்கியிருக்க மாட்டாள். கர்ப்பப்பை இல்லாத பெண் இவருக்குப் பெண்ணாகப் படவில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது, அது மனசு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிட்டாளாம். பேத்தி பிறந்ததும் குழந்தைக்குத் துணையாக அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். நான் அதைச் சௌகரியம் என்று நினைத்தேன்.

என் நரம்பு செத்திருந்தது. அவள் அதை என் அன்பு செத்ததாகப் படித்தாள். உடம்பு தன் பாட்டுக்கு ஒரு பொய்ச் சாட்சி சொல்லிற்று, அதை மறுத்துச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான், வாயைத் திறக்கவில்லை. அந்த ஏழு வருஷத்தில் நான் இரண்டு நாவல் எழுதினேன். இரண்டிலும் காதல் கட்டங்கள் உண்டு. நன்றாக வந்திருந்தன என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். "உன்மேல் எனக்கு ஆசை குறையவில்லை, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை" என்ற ஒரு வாக்கியம், பத்து வார்த்தைகூட ஆகாது, அது எனக்கு எழுத வரவில்லை, சொல்லவும் வரவில்லை.

இதைச் சொல்லும்போது என்னைக் கெட்டிக்காரனாக்கிக்கொள்ள வழி ஒன்று இருக்கிறது. 'உடம்பின் சாட்சி என்றுமே நம்பத் தக்கதல்ல. ஆகவே கருவியால் நஷ்டம் ஒன்றுமில்லை. வாய்ச்சொல்தான் உண்மை' என்று முடித்துவிடலாம். அவளிடம் அப்படித்தான் முடிக்கப் பார்த்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்படி இல்லீங்க. முன்னே அது நம்ம ரெண்டு பேர் கையிலேயும் இல்லே. இப்போ உங்க கையிலே மட்டும் இருக்கு. அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கு" என்றாள்.

இந்த வாக்கியத்தோடு நான் பல மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மழை வருவதற்கும் குழாயைத் திறப்பதற்கும் வித்தியாசம் உண்டு, தண்ணீர் ஒன்றாயிருக்கலாம். இளமையில் நாங்கள் இருவரும் சேர்ந்து மழைக்குக் காத்திருந்தோம். வராமல் போன நாள் உண்டு, எதிர்பாராமல் வந்த நாளும் உண்டு. இருவரும் ஒரே நிலையில் இருந்தோம். இப்போது நான் குழாய்க்காரன் ஆகிவிட்டேன். கூடவே இதையும் யோசிக்க வேண்டும்: ஏழு வருஷம் வறட்சி. வறட்சியில் குழாயைப் பழிக்கலாமா?

அவள் பழிக்கவில்லை, உள்ளதைச் சொன்னாள். வித்தியாசம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அந்தப் பம்பைப் பற்றிப் பேசவே மாட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, சட்டைப் பித்தானைத் தேடுகிறவனைப்போல அதை முடித்துக்கொள்வேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒருநாள், மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோன ஓர் இரவு, "எங்கே இருக்கு, காட்டுங்க" என்றாள். என் கைக்கு மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். விசை எது என்று கேட்டாள். இருட்டில் என்னைவிடச் சீக்கிரமாக அவளுக்கு அகப்பட்டது. வெகு காலம் தையல் யந்திரம் ஓட்டிய விரல்கள். அன்றிலிருந்து அது பெரும்பாலும் அவள் பொறுப்பு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்பாள். எனக்கு வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்புகிற வேலை கிடையாது. முதலில் ரொம்பச் சங்கோசமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு, தன் மனைவியிடம் ஆசையைத் தமிழில் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. புஸ்தகத் தமிழில் சொன்னால் அவள் சிரிப்பாள். சமையலறைத் தமிழில் அதற்குச் சொல் இல்லை. என்னவோ சொல்லுகிறேன், என்ன சொல்லுகிறேன் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

அவளுடைய முதல் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

எழுதி முடித்ததும் வழக்கம்போல் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை காட்டினாள். "பந்தியிலே பெரிய அத்தான் கேட்டதை எழுதியிருக்கீங்களே, அவர் படிச்சா தெரிஞ்சுக்குவாரே" என்றாள்.

"படிப்பாரா?"

"அவர் எங்கே படிக்கிறார்! பேப்பர்கூடப் பார்க்கமாட்டார்" என்றவள், காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "போன் பண்ணி வரச் சொல்லுங்க. அக்காவையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. உங்ககிட்டே அவர் கேட்கறதைக் கேட்கட்டும், அக்காகிட்டே நான் பேசிக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.